வயரைப் பிடுங்கிய கையைப் படமெடுத்தவள்

லூர்து இறந்த செய்தி எனக்கு ஒரு மெழுகுவர்த்திப் படமாக வந்தது. வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றேன். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், ரோஜாப்பூவும் மெழுகுவர்த்தியும் போட்ட படத்தின்மேல் "கலைத்தாய் லூர்து அம்மையார் மறைவு" என்று எழுதியிருந்தார்கள். அதன்கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். அந்தக் கைகளில் பெரும்பாலானவை அவளுடைய பத்திரிகையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. லூர்துக்கு நாற்பத்தாறு வயது. யாருக்கும் தாயுமில்லை, அம்மையாருமில்லை. மாரடைப்பு வந்தது, போய்விட்டாள். அவளை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். அவளை அறிந்த நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். மற்றவர்கள் கோபப்படட்டும், அது அவளுக்குப் பிடித்த விஷயம்தான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூர்து குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுப்பது அவள் பிழைப்பு. மிச்ச நேரத்தில், இந்த மாவட்டத்தில் பங்க் ராக் என்று ஒன்று இருந்ததற்கு அவள் ஒருத்தியே சாட்சி. கிட்டாரில் மூன்றே மூன்று கார்டு, கழுத்து நரம்பு புடைக்கும் கத்தல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பங்க். சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் படித்த நாங்கள் நான்கு பேர் 'துரு' என்று பெயர் வைத்துக்கொண்டு வலைக்கொட்டகைகளிலும், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையிலும் கத்தித் திரிந்தோம். நான் பாடகன். அதை மரியாதைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

அவளை முதலில் பார்த்தது ஒரு கல்லூரிக் கலைவிழாவில். இரண்டாவது பாட்டிலேயே, விழாப் பொறுப்பாளராக இருந்த பேராசிரியர் மேடையின் பக்கவாட்டில் வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். ஒலியில்லாமல் நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கேமராவோடு ஒருத்தி எங்களைக் கடந்துபோய், வயர் பிடித்திருந்த அவர் கையைக் குனிந்து படமெடுத்தாள். தங்க மோதிரம் போட்ட, நன்றாகச் சோறு தின்ற கை. பாடகனான என்னை எடுக்கவில்லையே என்று எனக்கு எரிச்சல். கேட்டேன். "மேடையில நிக்கவன எவன் வேணும்னாலும் எடுப்பான் மக்கா. வயரப் புடுங்குனவன ஆரு எடுப்பா? நாளைக்கு இந்தச் சவம், நான்தான் இவியள வளத்துவிட்டேன்னு சொல்லும், பாத்துக்கோ" என்றாள். அந்தப் பேராசிரியர் ஓய்வுபெற்று இப்போது ஒரு கலை மன்றத்துக்குத் தலைவராக இருக்கிறார். போன வாரம் லூர்துக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார். இளைஞர்களின் மாற்று இசையை முதலில் ஊக்குவித்தவன் நானே என்று அதில் இரண்டு இடத்தில் வருகிறது.

'இரைச்சல்' என்று ஒரு பத்திரிகை நடத்தினாள். ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அடித்து, தானே ஸ்டேப்ளர் போட்ட பன்னிரண்டு பக்கம். எங்கள் பாட்டு வரிகள், யாருக்கு எங்கே உதடு கிழிந்தது என்ற விவரம், வளைகுடாவில் வெல்டராக இருந்த ஒருவர் அனுப்பும் வசவுக் கடிதங்கள் எல்லாம் அதில் வரும். படத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் கீழே அச்சிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பின்னால் மங்கலாக டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் பெயர் தெரியவில்லை என்று ஒரு இதழை மூன்று வாரம் நிறுத்தி வைத்தாள்.

இந்தப் பிடிவாதம் புரியாத ஒரு கூட்டம் பின்னாளில் சென்னையிலிருந்து வந்தது. அவள் படங்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வெள்ளைச் சுவர், எலுமிச்சைப் புல் மணம், கையில் கண்ணாடிக் கோப்பையோடு தலையாட்டும் ஆட்கள். எங்கள் டிரம்மர் படத்தின்கீழே 'சீற்றம் கொண்ட மீனவ இளைஞன்' என்று எழுதியிருந்தது. லூர்து அமைப்பாளரைக் கூப்பிட்டாள். "இதில ஆருவே மீனவ இளைஞன்? இவன் பேரு செல்வின். இன்சூரன்சு ஏஜெண்டு. கடல்ல எறங்குனா வாந்தி எடுப்பான்" என்றாள். பெயர்களைப் போட்டால் சுவரின் அழகு கெடும் என்று அந்த ஆள் மென்மையாக விளக்கினார். அவள் மென்மையாக எல்லாம் பதில் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறிப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் அதையும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இதுவரை மற்றவர்களை இகழ்ந்தாயிற்று. இனி என் முறை.

'துரு'வின் பாட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்தது வரதட்சணைப் பாட்டு. அதைப் பாடும்போது சட்டையைக் கழற்றிவிடுவேன். நெஞ்சில் மார்க்கர் பேனாவால் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருக்கும். லூர்து எடுத்த படங்களில் அதுதான் நன்றாக வந்தது என்பார்கள். ஸ்டுடியோச் சுவரில் பல வருடம் தொங்கியது. பிறகு எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது, பெண் பார்த்தார்கள், நகையோடு கார் என்று பேசி முடித்தார்கள். நான் காரின் நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு கருத்துச் சொன்னேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் தக்கலைக்குப் போய், அந்தப் படத்தை எடுத்துவிடும்படி லூர்துவிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"பெண் வீட்டுக்காரங்க பாத்தா நல்லாருக்காது."

"நெகட்டிவும் வேணுமோ மாப்பிளைக்கு?"

"தந்தா நல்லது."

சுவரிலிருந்து படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "நெகட்டிவு தரமாட்டேன். இதக் கொண்டுபோயிக் கிழி. படத்தில பொய்யில்ல, கேட்டியா? அண்ணைக்கு நீ சொன்னது நெசம். இண்ணைக்கு நிக்கியே, இதுதான் பொய்." கிழித்தேன். தக்கலை பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டியில், நான்காகக் கிழித்துப் போட்டேன். அடுத்த 'இரைச்சல்' அட்டையில் அதே படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே என் பெயர். வேறு ஒரு சொல் இல்லை. அதன்பிறகு ஆறு வருடம் அவளோடு நான் பேசவில்லை.

அந்த இதழ் என் மனைவி ஷீபாவின் கைக்கு எப்படிப் போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்திருக்கிறான். ஷீபா நேராகத் தக்கலைக்குப் போனாள். இரண்டு இதழ் கழித்து அவள் எழுதிய கட்டுரை வந்தது. காருக்காக அவள் அப்பா எந்த வயலை விற்றார், அந்தக் காரில் நான் எப்படி வலது கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு உட்காருவேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. எழுத்துப்பிழைகளை லூர்து திருத்தவில்லை. "உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் பிள்ளே, இதத் திருத்துனா உன் வீட்டுக்காரன் எழுதுன மாதிரி ஆயிரும்" என்றாளாம். அதற்குப்பிறகு வந்த ஒவ்வொரு இதழிலும் ஷீபா எழுதினாள். நான் சமையலறையில் நின்று, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போகும் பத்திரிகையைத் திருட்டுத்தனமாகப் படிப்பேன்.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருடம் லூர்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. படப்பெட்டிகள் நனைந்துபோயின. ஷீபா கிளம்பினாள், நானும் பின்னால் போனேன். பள்ளிக்கூட வராந்தா முழுக்கக் கொடி கட்டி, பழைய ஆட்கள் நெகட்டிவ்களைக் கழுவித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வின் இருந்தான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த வெல்டர் இருந்தார். அந்த ஒரு வராந்தாவைத்தான் இந்த மாவட்டத்தின் பங்க் என்று நான் சொல்லுவேன். மற்றதெல்லாம் எங்கள் கத்தல். லூர்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வந்தியா? செரி. பொண்டாட்டி கொண்டுவந்தாளாக்கும்" என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். மன்னிப்பு என்று ஏதும் இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

அடக்கத்துக்குப் பின் அவள் தங்கை எங்கள் வீட்டுக்குப் பதினான்கு படப்பெட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குத்தான் விட்டுப்போயிருக்கிறாள் என்று நினைத்துக் கண் கலங்கினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் லூர்து எப்போதோ தன் கையெழுத்தில் 'ஷீபாவுக்கு' என்று எழுதி வைத்திருந்தாள். மாடி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள் ஷீபா. பார்க்க வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல நானும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். லூர்து சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

என்னிடம் அவள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவள் கையெழுத்து ஒரு வரி இல்லை. என்மீது அவளுக்கு இருந்த இளக்காரம் மட்டும் இருக்கிறது. கண்ணாடிமுன் நின்று சட்டைப் பொத்தானைப் போடும்போது தினமும் அதை உணர்கிறேன். வேறு யாரும் எனக்கு இவ்வளவு நேர்மையாக ஒன்றைத் தந்ததில்லை. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.