குத்துவிளக்குக்குக் காத்திருந்த கிளாரினெட்

அரசு அரங்குகளுக்கான நடைமுறை விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. நிகழ்ச்சி அறிவித்த நேரத்தில் தொடங்க வேண்டும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் அவர் இல்லாமலே தொடங்க வேண்டும். முன்வரிசை காலியாக இருந்தால் பொதுமக்களை அங்கே அமர்த்த வேண்டும். கலை நிகழ்ச்சிகளை நடத்தும் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த விதிகளைப் பலமுறை தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்டிருக்கிறேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒருவரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

அவை மீறப்பட்டதை முதன்முதலில் பார்த்தபோது, இப்படி விதிகள் இருப்பதே எனக்குத் தெரியாது. ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு கோடை விழாவுக்கு ஏற்காட்டு அரங்கில் வாசிக்க, சென்னையிலிருந்து அரசு வாத்தியக் குழு வந்தது. வயலின், செல்லோ, ட்ரம்பெட் என்று ஒரு லாரி நிறைய வாத்தியங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குழுவின் கிளாரினெட்காரர் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோய், விடுதி அறையில் சுருண்டுவிட்டார். மாற்று ஆள் தேடியபோது யாரோ என் மாமாவைக் கைகாட்டினார்கள். அம்மாவின் தம்பி அவர். மிஷன் பள்ளிக்கூட பேண்டில் இசைக்குறிப்புப் பார்த்து வாசிக்கப் பழகியவர்; அதன்பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார்.

தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மா. தம்பி வாசித்ததை வேட்டுச் சத்தத்துக்கு நடுவேதான் அவள் கேட்டிருக்கிறாள். விளக்குப் போட்ட மேடையில், ஒரு கூட்டமே வாய்மூடி உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அதற்காகக் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினாள். பாதி ஊர் அவளோடு பஸ் ஏறியது. நிகழ்ச்சி நாலு மணிக்கு; ஊர் திரும்பக் கடைசி பஸ் ஆறரைக்கு. எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சீக்கிரமே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்தார்.

"யாரு இங்க உக்காரச் சொன்னது? இதெல்லாம் பெரியவங்க சேரு!"

"தெரியாம உக்காந்துட்டமுங்க" என்று அம்மா எழுந்தாள். எழுந்தவள், தான் உட்கார்ந்த நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்தாள். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அரங்கின் கடைக்கோடியில், கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால் எல்லோரும் நின்றோம்.

நாலு மணிக்கு வாத்தியக் குழு மேடையில் தயாராக இருந்தது. கடைசி வரிசையில், இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் மாமா. ஐந்தானது. அந்த அரங்குக்குப் பக்கச் சுவர் கிடையாது. முன்வரிசை நாற்காலிகளில், மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி மட்டும் வந்து உட்கார்ந்தது. குழுத் தலைவர் இறங்கி வந்து, தொடங்கலாமா என்று பேட்ஜ்காரரைக் கேட்டார்.

"குத்துவிளக்கு ஏத்தாம எப்படி சார் தொடங்கறது?"

குத்துவிளக்கைப் பற்றி விதிகளில் ஒரு வரி கிடையாது. பிற்பாடு நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

"மலைமேல நம்ம சேர்வராயன் சாமி பொறப்படறப்பவே மேளம் யாருக்கும் காத்திருக்காதே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அந்தச் சாமிக்கு பேட்ஜ் இல்லீங்களே" என்றாள் அம்மா. கயிற்றுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் மேடையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

ஆறரை ஆனதும் பஸ் கண்டக்டர் தேடிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, இன்னுமா ஆரம்பிக்கல? டிரைவர்கிட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் நிறுத்தறனுங்க. மஞ்சு மூடிக்கிச்சுன்னா அப்பறம் வண்டி போவாதுங்க." அன்று பொதுமக்களுக்காக விதியை மீறியவர் அவர் ஒருவர்தான். அவர் நிறுத்திப் பார்த்தும் மேடை அசையவில்லை. காட்டெருமை நடமாடும் பாதையில் குழந்தைகளோடு நடக்க முடியாது. அம்மா கடைசியாக ஏறினாள்.

பாதி வழியில், ஓர் எஸ்டேட் பங்களா வாசலிலிருந்து கொடி கட்டிய கார் ஒன்று வெளியே வந்தது. குறுகலான பாதை. காருக்கு வழிவிட எங்கள் பஸ்தான் பின்னால் போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறப்பு விருந்தினர் கண் அயர்ந்துவிட்டாராம்.

"வெளக்கு ஏத்தறவங்க போறாங்க" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமா வந்தார். "கடைசி வரைக்கும் கேட்டீங்களா அக்கா? மேடை வெளிச்சத்துல எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் தெரியல."

"கேட்டம் தம்பி. நொம்ப நல்லா வாசிச்ச."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தொடையில் கிள்ளினாள். பொய் சொன்னால் எனக்கு அடி விழும் வீடு அது. அம்மா சொன்னால் மட்டும் சரியா என்று பல நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா, ஏன் நேரத்துக்குத் தொடங்கவில்லை என்று கேட்டு மனு போட்டார். நினைவூட்டினார். மறுபடி நினைவூட்டினார். ஒருவழியாகப் பதில் வந்தபோது மாமாவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நிகழ்ச்சி குறித்த நேரத்தில் தொடங்கியதாகவும், பொதுமக்கள் திரளாக வந்திருந்து இறுதிவரை கேட்டு மகிழ்ந்ததாகவும் தெரிவித்து, மனுவை முடித்து வைத்திருந்தார்கள். அப்பா கொதித்துப் போய் அதைக் கிழிக்கப் போனார். அம்மா பிடுங்கி மாமாவிடம் நீட்டினாள்.

"பாரு தம்பி, கவர்மெண்டே சொல்லுது. நாங்க கடைசி வரைக்கும் இருந்தமாம்."

மாமா நிதானமாகப் படித்தார். "அதான் எனக்குத் தெரியுமே அக்கா" என்றார்.

பாவம், நம்பிவிட்டார் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து அதே ஆறரை மணிக் கடைசி பஸ்ஸில் வீடு திரும்பியவர் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பதில் வந்த தேதி எனக்கு மறக்காது. மறு ஆண்டு சேர்வராயன் கோயில் திருவிழாவின் முதல் நாள் அது. நாங்கள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் மலைமேல் மேளம் தொடங்கிவிட்டிருந்தது.