பின் சீட்டுக்கு ஒரு படி

என் அக்கா ராஜகுமாரியின் புருஷன் ஹேமநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், லாரிக்கு ஏணி, எது கேட்டாலும் சொன்ன நாளில் கொடுத்துவிடுவார். பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கை மட்டும் வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்.

பாரிவாக்கத்து வீட்டுக் கொட்டகையில் அவர் ஒரு பறக்கும் வண்டி செய்தார். மூன்று சக்கரம், அலுமினியக் குழாய்ச் சட்டம், முதுகில் இன்ஜின், அதற்குப் பின்னால் பெரிய விசிறி. இறக்கைக்குப் பதில் பாராசூட். அதைத் தரையில் விரித்துப் போட்டு வண்டியை ஓட்டினால், காற்று புகுந்து மேலே எழும்பி வண்டியைத் தூக்கிக்கொள்ளும். முதலில் ஒரு சீட்தான் வரைந்தார். அக்கா எட்டிப் பார்த்து, "நான் எங்க குந்துறது?" என்று கேட்டாள். மனிதர் உருகிப்போய், படத்தை அழித்துவிட்டு இரண்டு சீட்டாக வரைந்தார். அந்த வாரமே அவள் சிவப்பு ஹெல்மெட் ஒன்று வாங்கி வைத்துவிட்டாள்.

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒருவர் இல்லாதபோது வண்டி சாயுமாம். அதனால் ஒன்றன் பின் ஒன்று. பின் சீட்டை, பாராசூட் தூக்கிப் பிடிக்கிற இடத்துக்கு நேர் கீழே, முன் சீட்டைவிட உயரமாக வைத்தார். "அதுல ஆள் இருந்தாலும் இல்லேன்னாலும் வண்டிக்குத் தெரியக்கூடாது மச்சான். அதான் டிசைனே!" என்று என்னிடம் பெருமையடித்துக்கொள்வார். அக்காவும் கேட்டுச் சிரிப்பாள்.

ஆவடியில் விமானப்படை இருப்பதால் எங்கள் பக்கம் பறக்க வழியில்லை. டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு, அனுமதி வாங்கிய தூரத்து மைதானம் ஒன்றுக்குப் போவோம். பின் சீட்டில் அக்கா எடைக்கு ஓர் அரிசி மூட்டை. அவள் வீட்டு அரிசியேதான். நழுவாமல் இருக்க அவளுடைய பழைய புடவையால் கட்டுவார். மூட்டை ஜம்மென்று பறந்துவிட்டு வரும். அந்த அரிசியையே அக்கா வடித்துப் போடுவாள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வண்டிக்குப் பொட்டு வைத்தபடி, "இந்த வருஷமாச்சும்?" என்பாள். "கயிறு மாத்தணும், இன்ஜினைப் பாக்கணும், அடுத்த வருஷம்" என்பார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா மாமா, மூட்டைக்குக் கீற குடுப்பினை எங்கக்காவுக்கு இல்லியா?" என்று கத்தினேன்.

"மூட்டை வுழுந்தா அரிசி போவும் கிருபா. அவ வுழுந்தா நான் இன்னாடா பண்ணுவேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

போன மாதம் அவராகவே, "கெளம்பு ராஜி" என்றார். அக்கா வழியெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை. மைதானத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். இத்தனை வருஷத்தில் தேய்ந்துபோன முட்டி மடங்கவில்லை. நாங்கள் இருவரும் தூக்கிவிடப் பார்த்தோம். வலி தாங்காமல் அலறிவிட்டாள். ஊரிலுள்ள லாரிக்கெல்லாம் ஏணி அடித்துக் கொடுத்த மகானுபாவர், இந்தச் சீட்டுக்கு ஒரு படி வைக்கவில்லை. மூட்டைக்கு எதற்குப் படி?

"ரெண்டு நாள் குடு ராஜி, படி வச்சிடறேன்" என்று கெஞ்சினார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி முன் சீட்டில் வைத்தாள். "வோணாங்க. மூட்டையையே ஏத்திக்கினு போங்க. நான் இருந்தாலும் இல்லேன்னாலும் வண்டிக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே. ஒங்களுக்குந்தான் தெரியல."

மறுநாளே படி வைத்துவிட்டார். பாலிஷ் போட்டு, வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டி, கைப்பிடிகூட வைத்தார். அக்கா கொட்டகைப் பக்கமே போவதில்லை. வண்டியும் அதன்பின் வெளியே வரவில்லை. "மொதல் வருஷமே ஏத்திக்கினு போயிருக்கணும்டா" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அட, இதை இப்போது என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்! தினமும் காலையில் அந்தப் படியைத் துடைக்கிறார். அதில் இன்னும் யார் காலும் படவில்லை.