உட்கார இடமிருந்தும் நின்று வந்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நான் அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை. நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குன்னம் பக்கத்தில். வயதுக்கு வந்த நாள்முதல் மாதவிலக்கு வந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தா.பழூரில் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு, "ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்" என்றார்கள். மகன் பிறந்து கொஞ்ச காலம் அடங்கியிருந்த வலி திரும்பவும் வந்தது. நடவின்போது வரப்பில் படுத்துவிடுவார். "நடவுன்னாதான் இவளுக்கு நோவு வரும்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்கேன் எடுத்தால், "ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுல்ல, இன்னும் என்னா?" என்பார்கள். எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தாலும் இதே பேச்சுதான். அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

எனக்கோ வலியே கிடையாது. குழந்தை இல்லையென்று திருச்சியில் காட்டியபோது எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை அதற்கு வெளியே வளர்வதாம். எனக்கு இரண்டு சினைப்பையிலும் கட்டியாகி, முற்றிய நிலை.

"எனக்கு வலிக்கவே இல்லீங்களே?"

"வலிய வச்சு நோயோட அளவ சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சமா இருந்தும் துடிக்கிறவங்க இருக்காங்க. ஸ்கேன்ல தெரியாமலும் போகும்."

உடனே அக்காவை அழைத்துப் போனேன். வயிற்றில் கேமரா விட்டுப் பார்த்ததில் சிறு சிறு புள்ளிகளாக அதே நோய். "இருக்குதாம்டி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் அவர் மாமியார் கேட்டார்: "பொட்டு பொட்டா இருக்கறதுக்கா இத்தன வருஷம் இந்த ஆர்ப்பாட்டம்? ஒந்தங்கச்சி அம்புட்டு வச்சிக்கிட்டு கம்முனு இருக்கால்ல?"

அதற்குப் பிறகு அக்கா எந்த வலியையும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசி நாளன்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். மாமா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லங்க, நீங்க சாப்புடுங்க" என்றாராம். காலையில் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியங்களுக்கு முன்னின்ற உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் நன்றி. பெயர் தெரியாத ஒரு கண்டக்டருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வலி நாட்களில் அக்காவால் உட்கார முடியாது. ஒருமுறை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். "எடம் கெடக்குல்ல, வழிய மறிச்சிக்கிட்டு என்னாத்துக்கு நிக்கிது?" என்று ஒருவர் சத்தம் போட்டிருக்கிறார்.

"அவங்களுக்கு உக்கார முடியல போலருக்கு. விடுங்கண்ணே" என்றாராம் அந்தக் கண்டக்டர்.

இதை அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.