பச்சை ஒட்டுப் போட்ட சீட்

மலைக்காரன் வண்டி வாங்க வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் செங்கத்துப் புரோக்கர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மண்டியில் எங்கள் புளியை எடை போடுகிறவனும் அப்படித்தான் சிரிப்பான். கையில் புளி விற்ற காசும் மாடு விற்ற காசும் இருந்தன. அதற்குள் ஒரு வண்டி வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும்.

காரணம் மகள். அவளுக்கு ஐந்து வயது. குளிர் வந்தால் நெஞ்சு இழுக்கும். மருந்தை உறிஞ்சக் கொடுத்தும் அடங்காவிட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே கீழே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எங்கள் ஊருக்கு பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமானால் போனுக்கு டவர் கிடைக்கும் பாறை வரை நடக்க வேண்டும். மிச்சம் ஷேர் ஜீப். அது நிறைந்தால்தான் கிளம்பும்.

அது நிறையட்டும் என்று உட்கார்ந்திருந்துதான் மூத்தவனைப் பறிகொடுத்தோம்.

அவனுக்கு அப்போது மூன்று வயது. காலையில் காய்ச்சல் அடித்தது, மதியம் கண் சொருகியது. போர்வையில் சுற்றி என் மனைவி தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டுரோட்டுப் புளியமரத்தடியில் ஜீப் நின்றது. ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இன்னும் நாலு பேருக்காக நின்றான். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பிவிட்டவனிடம் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் நோய் கூடிவிடுமாம். அதனால் அவன் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. குழந்தை தூங்குகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். காலை நீட்டி உட்கார்ந்து சாமை விலை பேசினார்கள். ஒருவழியாக வண்டி நிறைந்து கிளம்பியது. பாதி மலை இறங்கியபோது மனைவி போர்வையை விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடினாள். கீழே போய்ச் சேரும்வரை என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த டிரைவரை அடிக்க வேண்டும் என்று நான் வருடக்கணக்கில் நினைத்தேன். அவன் ஜீப்பை விற்றுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டான். அடிப்பதற்கும் ஆள் இல்லாமல் போனது.

செங்கத்துக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். லாரி ஓட்டும் மச்சானும் வந்தான். புரோக்கர் முதலில் ஒரு சின்னச் சிவப்புக் காரைக் காட்டினான். ஏசி இருக்கிறது, பாட்டுப் பெட்டி இருக்கிறது என்றான். மச்சான் குனிந்து அடியைப் பார்த்தான்.

"இன்னா மாமா இது, தரையில படுத்துக்கினு கீது. இத வாங்கினா கீழ நிறுத்திட்டு மலையப் பாத்துக்கினு இருக்கலாம். ஏற முடியாது."

அடுத்தது ஒரு வேன். தரைத் தகட்டைத் துரு தின்றிருந்தது. "வண்டி நின்னுபோனா உள்ள இருந்தே கால வுட்டுத் தள்ளலாம்" என்றான் மச்சான். புரோக்கருக்கு முகம் சுருங்கியது. கடைசியில் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு ஜீப் நின்றது. புதுச் சாம்பல் நிறப் பெயின்ட், புதுச் சீட் கவர்.

"வாத்தியார் ஒருத்தர் வெச்சிருந்ததுங்க. ஸ்கூலுக்குப் போவாரு, வூட்டுக்கு வருவாரு. ஒரு எறும்பக்கூட ஏத்தினதில்ல."

"எல்லா வண்டியும் வாத்தியார் வண்டிதான். அப்ப பஸ்ல போற வாத்தியாருங்கள்லாம் யாரு?" என்றான் மச்சான்.

எங்களுக்கு வண்டி பார்க்கிற முறை ஒன்றுதான். குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்து, மேட்டில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். பின்னால் சரியாமல் எடுத்தால் அது வண்டி. மச்சான் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். மேட்டில் வண்டி ஒரு சாண்கூடச் சரியவில்லை. எனக்குப் பிடித்துப்போனது. திரும்பிப் பார்த்தேன்.

அவள் கை டிரைவர் சீட்டின் முதுகில் இருந்தது. புதுக் கவருக்கு அடியில் விரல்களை நுழைத்து எதையோ தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா?" என்றேன்.

"ஒட்டுப் போட்டு கீது."

மூத்தவனைத் தூக்கிப் போன ஜீப்பில் அவளுக்கு முன்னால் இருந்த சீட் கிழிந்திருந்தது. பச்சை ரெக்சினை வைத்துச் சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருந்தார்கள். அந்த ஒட்டு கோழி படுத்திருப்பது மாதிரி இருந்தது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். வண்டி நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு யார் நம்பரைப் பார்த்தது? நான் கையை நீட்டிக் கவரைத் தூக்கினேன். பச்சை. கோழி. வெள்ளை நூல்.

"வண்டிய நிறுத்துடா" என்றேன்.

இறங்கிப் புரோக்கர் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் அங்கே இல்லை, ஷெட்டில் இருந்தான். ரோட்டோரத்தில் நின்று கத்தினேன். இதற்குப் பதில் நடந்தே சாகலாம் என்றேன். மச்சான் ஒன்றும் புரியாமல் விழித்தான். மனைவி இறங்கவே இல்லை.

"கத்தி முடிச்சிட்டியா?" என்றாள். "இதையே வாங்கு."

"இதுலதானே அவன்..."

"வண்டி இன்னா பண்ணிச்சி? அது ஓடத்தான் செஞ்சிது. நிக்கவெச்சது மனுசன். நம்ம வூட்டாண்ட இருந்தா யாருக்காவவும் நிக்காது."

மறுபடி ஏறி உட்கார்ந்தேன். வாங்கினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மச்சானிடம் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த மழையில் மகளை இரண்டு முறை கீழே இறக்கினோம். இரண்டு முறையும் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தோம். அதற்குமேல் அந்த வண்டியிடம் நான் கேட்க முடியாது. ஆனால் தனியாக ஓட்டும்போது பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காது. காலி சீட்டில் ஒரு போர்வைச் சுருள் இருப்பதுபோலத் தெரியும். மகள் கவருக்குள் கையை விட்டு அந்த ஒட்டை நோண்டிக்கொண்டு கோழியோடு பேசுவாள். யார் அவளுக்குக் கோழி என்று சொன்னது? நான் சொல்லவில்லை. மனைவியிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் சந்தைக்குப் போனோம். கூட்டுரோட்டு மரத்தடியில் ஒருவன் கை காட்டினான். பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். அவள் தோளில் போர்வை சுற்றிய குழந்தை. அந்த மரத்தடியில் நான் நிறுத்துவதில்லை. அன்றும் தாண்டிவிட்டேன்.

"பின்னால போ" என்றாள் மனைவி.

பின்னால் எடுத்தேன்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

அவன் முறைத்தான். "கெளம்பி நிக்கறவன எங்கனு கேக்கறியே, அறிவு கீதா?"

"கீதோ இல்லியோ. எங்க போற, சொல்லு."

"கல்யாணத்துக்கு" என்றான் எரிச்சலோடு.

ஏறினார்கள். மனைவி அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டிப் போர்வையை விலக்கினாள். அந்தப் பெண் தடுக்கப் போய், என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். மனைவி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு படும்வரை எடுக்காமல் இருந்தாள்.

"தூங்குது" என்றாள். "எடு வண்டிய."