ரேடியேட்டரில் சாயத்தண்ணி

பதுளை கராஜில் மெக்கானிக் எங்கள் பழைய காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். துருவாடை கலந்த ஆவி முகத்தில் அடித்ததும், சிறுமியாக நான் பார்த்த ஒரு மதியம் நினைவுக்கு வந்தது.

தன் கடைக்கு விடுமுறை விடும் நாட்களில் அப்பா இதே காருக்கு ஏதாவது புதிதாகப் போடுவார். என்ஜின், பிரேக், சீட் எல்லாம் மாற்றியவர், ஒழுகும் ரேடியேட்டரை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

நமுனுகுலவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது நிறைமாதமாக இருந்த அம்மாவுக்கு இடுப்புவலி கண்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஏற்றத்தில் கார் கொதித்து நின்றுவிட்டது. பக்கத்தில் எங்கும் தண்ணீர் இல்லை.

"கொஞ்சம் பொறுத்துக்க," என்றார் அப்பா.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "ரேடியேட்டர அடுத்த மாசம் பாப்போம்னீங்க. பிள்ளையையும் அடுத்த மாசம் வரச் சொல்லவாங்க?"

மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். ஒருத்தி பால் சேர்க்காத தேநீர் இருந்த தன் போத்தலை நீட்டினாள். "குடிக்கக் கொண்டாந்த சாயத்தண்ணிதாங்க இருக்கு. ஊத்துங்க."

மற்றவர்களும் தந்தார்கள். சூடு தணிந்ததும் அப்பா அத்தனையையும் ரேடியேட்டரில் ஊற்றினார். தேயிலை வாசத்தோடு கார் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அவனுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே காருக்குப் புது ரேடியேட்டர் வந்துவிட்டது.