கைபடாத தட்டு

என் அக்கா இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் ஒரு பெரிய உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். சொந்தக்காரர்கள் கேட்டால் அக்காவே சில சமயம் "சமையல்கட்டுல இருக்கார்" என்று மழுப்புவாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தின்றுவிட்டு எழுந்து போகிறவர்களுக்கு இல்லாத வெட்கம் கழுவுகிறவருக்கு எதற்கு? நான் பட்டென்று போட்டு உடைத்துவிடுவேன். மாமா பாத்திரம்தான் கழுவுகிறார், கல்யாணத்துக்கு ரொம்ப வருஷம் முன்னாலிருந்தே கழுவுகிறார் என்று சொல்வேன்.

அவர் வேலை செய்யும் இடத்தை ஒரு முறை போய்ப் பார்த்தேன். பின்வாசல் வழியாக நுழைந்தால் இடுப்பளவு உயரத்தில் தொட்டிகள், மேலேயிருந்து தொங்கும் தண்ணீர்க் குழாய், பக்கத்தில் ஆவி விடும் இயந்திரம். எதிர்ச் சுவரில் ஒரு சதுரத் திறப்பு. சாப்பிட்ட தட்டுகள் அதன் வழியாகத்தான் வரும். சாப்பிட்டவர் கிழவரா, குழந்தையா, ஒன்றும் தெரியாது. மாமா தட்டை வாங்குவார், மிச்சத்தை வழிப்பார், தண்ணீரைப் பீய்ச்சுவார், அடுக்குவார். பேசிக்கொண்டும் செய்வார், எங்கேயோ யோசித்துக்கொண்டும் செய்வார். அந்தக் கைகள் தலையைக் கேட்டு வேலை செய்வதில்லை.

அதனால் வெளியில் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கல்யாண விருந்தில் பக்கத்தில் இருந்தவர் யாரையோ திரும்பிப் பார்த்துக் கையசைத்த நேரத்தில், அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போய் வழித்துக் கொட்டிவிட்டார். அந்த மனுஷர் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. வீட்டில் அக்கா பாதி குடித்த டீயை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனால், திரும்பி வருவதற்குள் டம்ளர் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருக்கும். "இந்த வீட்டுல எதையும் கீழ வைக்கக் கூடாது, கையிலயே பிடிச்சுக்கிட்டு அலையணும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவர் தானே சமைத்தால் எத்தனை பாத்திரம் எடுப்பார்? ஒன்றுதான். உணவகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை, அன்று ராத்திரிச் சாப்பாடு அவர் பொறுப்பு. அடி கனமான அகல வாணலி ஒன்றை அடுப்பில் வைப்பார். சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கிச் சிவக்க வதக்குவார். அது விட்ட கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், பிறகு தக்காளி. பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடிகட்டுவது அவர் அகராதியிலேயே கிடையாது. காய்ந்தபடியே அதே வாணலியில் கொட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடிவிடுவார். தண்ணீர் சுண்டும்போது பாஸ்தா வெந்திருக்கும், சாறும் அதன்மேல் பிடித்திருக்கும். கடைசியில் ஒரு கைப்பிடி கீரை, கொஞ்சம் சீஸ். வாணலியை அப்படியே மேசை நடுவில் ஒரு பலகைமேல் இறக்குவார். ஆளுக்கொரு முள்கரண்டி, தட்டு கிடையாது. அவரவர் பக்கத்தை அவரவர் காலி செய்ய வேண்டும், எல்லை தாண்டினால் சண்டை. நான் திங்கள்கிழமை தவறாமல் ஆஜராகிவிடுவேன். எல்லை தாண்டுகிற ஆளும் நான்தான்.

மேசையின் நாலாவது பக்கம் மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். அது அக்கா மகளுடைய பக்கம். நான் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்தே எதையும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஒற்றை வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகிறவள். பத்து வயதில் அப்பாவைப் பறிகொடுத்தாள். பதினைந்து வயதில் இந்த மனிதர் வீட்டுக்குள் வந்தார். அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்றை வைத்திருந்தாள். திங்கள்கிழமைகளில் அதில் தன் பங்கைப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். சாப்பிட்டதும் தானே கழுவித் துடைத்து, அலமாரியில் தனியாக ஒரு மூலையில் வைப்பாள்.

ஊரார் தட்டையெல்லாம் கழுவுகிறவருக்குச் சொந்த வீட்டில் கைபடாத தட்டு அது ஒன்றுதான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவள் அதைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டால், பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிடுவார்.

இந்த வருஷம் அவள் பள்ளிப் படிப்பு முடிந்தது. அவளுடைய அத்தை, இறந்துபோன அப்பாவின் தங்கை, வேறு ஊரில் இருக்கிறாள். "என் வீட்டுலேர்ந்தே காலேஜ் போயிக்கலாம், வந்துடு. அங்க யாரோ மாதிரி எதுக்கு இருக்கணும்?" என்று கூப்பிட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் பதில் சொல்வதாகப் பேச்சு. போனால் போனதுதான், இனி விருந்தாளியாகத்தான் வருவாள் என்று அக்காவுக்குத் தெரியும். சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் பாதியாகியிருந்தாள். மாமா "அவ இஷ்டம்" என்பதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தனக்கு உரிமை இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

முந்தின நாள் திங்கள்கிழமை. காலையில் சினேகிதியைப் பார்க்கக் கிளம்பியபோது ஜட்ஜம்மா, "வர லேட்டாகும். எனக்கு வாணலியிலயே வெச்சிடுங்க" என்றாளாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே எனக்குப் போன் செய்தாள். "வாணலியிலன்னு சொன்னாடா! தட்டுல எடுத்து வைக்கச் சொல்லல! மனசு இறங்கிட்டாடா!"

அன்று மாமா வழக்கத்தைவிட நல்ல சாசேஜாகப் பார்த்து வாங்கியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். நாலாவது பக்கத்தை அக்கா மரக்கரண்டியால் கோடு கிழித்து ஒதுக்கி, என் முள்கரண்டி அங்கே போகாமல் காவல் காத்தாள். நன்றாகச் சிவந்த துண்டுகளாகப் பொறுக்கி மாமா அந்தப் பக்கம் தள்ளியதை நான் கவனித்தேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது உள்ளறையில் போன் அடித்தது. அத்தைதான். அக்கா எழுந்து போனாள். நான் பால்கனியில் போய் நின்றேன். மாமா மட்டும் மேசையில் இருந்தார். "நாளைக்குச் சொல்லுவா... ஆமா, அவளே சொல்லுவா..." என்று அக்காவின் குரல் விட்டு விட்டு வந்தது. நான் திரும்பி உள்ளே வந்தபோது மாமா துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். வாணலி பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாணலியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சரியாக அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

"எனக்கு எங்க?" என்றாள் ஜட்ஜம்மா, பையைக்கூட இறக்காமல்.

"கழுவிட்டேன்" என்றார் மாமா.

அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "கழுவிட்டீங்களா? இன்னிக்குமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கையைக் கட்டிப்போட முடியலையா உங்களால?"

"விடும்மா. எனக்குப் பசிக்கல." அவள் அறைப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"நில்லு" என்றார் மாமா. அவளிடம் அவர் அப்படிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. "கொஞ்ச நேரம் குடு. சாப்பிட்டுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ."

அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாள். அவளை ஒதுங்கச் சொல்லித்தான் அவர் அதைத் திறக்க வேண்டியிருந்தது. ஒற்றை சாசேஜ், பாதி வெங்காயம், முழுசாக ஒரு குடைமிளகாய், அமுங்கிய தக்காளி இரண்டு. பாஸ்தா பாக்கெட்டில் அடியில் கொஞ்சம் கிடந்தது. ஒருத்திக்குப் போதும். கவிழ்ந்த வாணலியை நிமிர்த்தி அடுப்பில் வைத்தார். சாசேஜ் சீறத் தொடங்கியது. எங்கள் எல்லோருக்கும் வேறு வேலை இல்லாததுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏன் எப்பவும் ஒரே வாணலி?" என்று அவள் திடீரென்று கேட்டாள். "கழுவச் சோம்பலா?"

"சோம்பல்தான்" என்றார் மாமா. பாஸ்தாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு மூடினார். அந்தப் பக்கம் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "அது மட்டும் இல்ல. அங்க வர்ற தட்டு யாரோடதுன்னு தெரியாது. ஒருத்தர் ரொட்டி ஓரத்தை ஒதுக்கியிருப்பார், ஒருத்தர் கேரட்டை. யாரா இருக்கும்னு நினைச்சுக்குவேன். இங்க தெரியும். உங்கம்மா பூண்டை ஒதுக்குவா. உன் மாமன் கீரையை அப்படியே விட்டுட்டு அடுத்தவங்க சாசேஜைத் திருடுவான். வாணலியைப் பாத்தாலே யாரு எந்தப் பக்கம் உக்காந்தாங்கன்னு சொல்லிடுவேன்." பிறகு, "நீ எதை ஒதுக்குவேன்னுதான் எனக்குத் தெரியாது. நீயே கழுவிடுற" என்றார்.

அவருக்கு அது எவ்வளவு நாள் வலியாக இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"குடைமிளகாய்" என்றாள் ஜட்ஜம்மா.

"என்னது?"

"குடைமிளகாய் எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வாரமும் குப்பையிலதான் போடுறேன்."

மாமா மூடியைத் திறந்தார். நறுக்கிப் போட்ட முழுக் குடைமிளகாயும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. "சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

தண்ணீர் சுண்டியதும் சீஸைத் தூவி அடுப்பை அணைத்தார். பிறகு, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தார். அவளுடைய தட்டை எடுக்க அலமாரி மூலைக்குக் கையை நீட்டினார். மூலை காலியாக இருந்தது.

"தட்டு எங்க?"

"பெட்டியில வெச்சிட்டேன்."

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாணலியிலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணம் மனசு இறங்கியது அல்ல, தட்டு மூட்டை கட்டப்பட்டுவிட்டதுதான். அவள் நேற்றே முடிவு செய்துவிட்டாள். மாமா வேறொரு தட்டை உருவி, துடைத்துப் பரிமாறப் போனார்.

"வேணாம்" என்றாள் அவள். "அப்புறம் அதையும் கழுவணும்."

அவளே நாலாவது பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாமா வாணலியைப் பலகைமேல் இறக்கினார். நல்ல பசி, பொய் சொல்லியிருக்கிறாள். குடைமிளகாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விளிம்பில் வரிசையாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமா ஒரு முள்கரண்டியை எடுத்தார். அவள் ஒதுக்க ஒதுக்க, இவர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்ட மனுஷர்.

கடைசித் துண்டு போனதும் அவர் கை பழக்கப்படி வாணலியின் பிடிக்கு நீண்டது. அவள் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. நான் கழுவுறேன்."

"நீயா? இதுலயா? கொழுப்பு ஒட்டியிருக்கும், சுடுதண்ணி..."

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவர் சாப்பிட்ட பாத்திரத்தை வேறொருவர் கழுவி அவர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்தார், மடியில் வைத்தார், கடைசியில் கட்டிக்கொண்டார். அவள் அவசர அவசரமாகத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அறைக்குப் போனாள். பிடியின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு வளையமாக அப்படியே இருந்தது. எனக்கே தெரிந்தது, அவர் கண்ணில் படாமல் இருக்குமா? அவர் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. அவள் எழுந்து வந்தபோது மகள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாளாம். "அத்தைகிட்ட பேசிட்டேன். லீவுக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாளாம்.

"அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொல்லத் தேவையே இல்லடா. எனக்கு முன்னாடியே எழுந்துட்டார். சமையலறையிலதான் நிக்கிறார்."

கழுவும் தொட்டியில் நீல விளிம்புத் தட்டு கிடந்ததாம். ரொட்டித் துணுக்குகளும், ஒதுக்கிவைத்த ரொட்டி ஓரமும், காய்ந்துபோன முட்டைக் கறையுமாக, கழுவாமல். குழாய் ஓடிக்கொண்டிருக்க, மாமா அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாராம். வேலைக்கு நேரமாகிறது, இன்னும் கழுவ மனம் வரவில்லையாம்.