அடைக்காத மூன்று துளைகள்

மாரியக்கா ஒரு டம்ளர் தண்ணீரை என் முன்னால் வைத்து, "குடிங்க ஸயா" என்றார். ஸயா என்றால் இங்கே பர்மாவில் ஐயா. குடித்தேன். உப்புக் கரித்தது.

யாங்கோனில் இருபத்தாறு வருஷம் மண் பரிசோதனைக்குத் துளை போட்டவன் நான். காரணம் உடனே புரிந்தது.

வெளிநாட்டு முதலீட்டுக்கு நாடு திறந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடிய காலம் அது. யாங்கோனுக்குப் பக்கத்தில் கியாக்தானில் ஆற்றோரம் துறைமுகம் கட்ட இரண்டு நாட்டுக் கம்பெனிகள் முட்டி மோதின. எந்த நாடுகள் என்று எழுதவில்லை. எங்களை நடத்தியதில் இரண்டும் ஒன்றுதான். ஒருவர் மண் ரிப்போர்ட்டை மற்றவர் பார்க்க முடியாது. அதனால் ஒரே வயலில் இரண்டு முறை துளை. முதலில் வந்தவர்கள் போன பிறகு, இரண்டாவது கம்பெனிக்காக எங்கள் டீம் போனது. மாரியக்கா வயலில் மூன்று போர்ஹோல் போட்டோம்.

அங்கே மேலே உப்புத் தண்ணீர், நடுவே கெட்டிக் களிமண், அதற்கும் கீழே நல்ல தண்ணீர். களிமண்ணைத் துளைத்தால், சிமெண்டும் பென்டோனைட் என்ற களிமண் பொடியும் கரைத்து அடியிலிருந்து மேல்வரை அடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கிரவுட்டிங் என்போம். செய்யாவிட்டால் உப்பு கீழே இறங்கும்.

எங்கள் முதலாளி ஹனீஃபா பாய் யாங்கோன் நகருக்குள் பபேடான் ஆபீஸிலிருந்து போனில் கத்தினார். "அவனுங்க நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கப் போறானுங்களாம். நம்ம கம்பெனி இன்னைக்கே கேக்குது. ரிக் மெஷினக் கழட்டுங்க!"

"பாய், கிரவுட்டிங் பாக்கி இருக்கு."

"முடிஞ்சதுன்னு லாக் ஷீட்டுல எழுதுங்க சுப்பையா. எவன் தோண்டிப் பாக்கப் போறான்?"

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மாதத்தில் மாரியக்காவின் அடிபம்புத் தண்ணீர் கெட்டது; முதலில் சொன்ன டம்ளர் தண்ணீரை நான் குடித்தது அப்போதுதான். முதல் கம்பெனிக்காரர்கள் கேள்விப்பட்டு கேமராவோடு ஓடி வந்தார்கள். அவரைப் பம்பருகே நிறுத்தி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, எதிராளியின் லட்சணத்தைப் பாருங்கள் என்று படம் எடுத்தார்கள். "பம்ப எப்ப சரி பண்ணுவீங்க?" என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் அவர்களிடம் சொல்லவேயில்லை. எங்களுக்கு வேலை கொடுத்தவர்களோ என் லாக் ஷீட்டை நீட்டினார்கள். கிரவுட்டிங் முடிந்தது, இதோ கையெழுத்து.

மறுபடி போய் அடைக்கிறேன் என்றேன். "போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் பாய். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்காமலே ரிக்கை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு ஆட்கள் கூட வந்தார்கள். மூன்று துளைகளையும் திரும்பத் துளைத்து அடைத்தோம். திங்கட்கிழமை எனக்கு வேலை போயிற்று.

துறைமுகம் வரவில்லை. இரண்டு கம்பெனிகளும் வேறு ஆற்றங்கரையில் சண்டை போடப் போய்விட்டன. இரண்டு மழைக்காலம் கழித்து உப்பு குறைந்தது. மாடு குடிக்கும், மனிதர் குடிக்க முடியாது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"தமிழாளுன்னு நம்பித்தானே ஸயா உங்கள வயல்ல விட்டேன்" என்றார் மாரியக்கா.

அந்தக் கம்பெனிகள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. துளை போடும் வேலைக்கு வருகிறவர்களே, எந்த நாட்டுக்காரன் அவசரப்படுத்தினாலும் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடைக்காததை அடைத்ததாக எழுதச் சொன்னால், பேனாவைக் கீழே வையுங்கள்.